வளையிற் கூடி வாழும் உளுவையும் இறாலும்

முதலை வாயைப் பிளந்துகொண்டு கரையிற் கிடக்க, சிறு பறவையொன்று அவ்வாயினுள் அஞ்சாது புகுந்து பற்களினிடையே உள்ளவற்றைக் கொத்தித் தின்னும் என்னுங் கதையை நம்மிற் பலர் கீழ்வகுப்புப் புத்தகங்களிற் படித்திருப்போம். கிரேக்க வரலாற்றாசிரியராகிய எரோடோத்தசு கி. மு. 5ஆம் நூற்றாண்டிலேயே நைல் நதி முதலைகளைப் பற்றி எழுதுமிடத்து, அவற்றின் வாயிலுள்ள அட்டைகளை ஒரு பறவை தின்னும் எனக் கூறியுள்ளார். அன்று தொட்டு ஒருவர் எழுதியதை மற்றொருவர் எடுத்தெழுதி வந்தனரேயன்றித் தாமே கண்டு ஐயமற நிறுவினோர் அரியர். இருவேறு வகைப் பிராணிகள் ஒன்றற்கொன்று உதவி வாழ்தலுக்கு உதாரணங் காட்ட விரும்புவோர் இக்கதையை விடுத்து, வெப்பக் கடல்களின் அடிமணலில் ஒரு சிறு மீனும் ஓர் இறாலும் ஒரே வளையிற் குடியிருந்து நடத்தும் வாழ்வை எடுத்துக் காட்டுவாராயின் நன்று. அது கண்டும், அளந்தும், சோதித்தும் உறுதிசெய்யப்பட்ட செய்தி. கதையினும் வியப்பு மிக்கது என்பது என் கருத்து.

மீனைப் பற்றி எழுதுதற்குத் தமிழ் கற்பிப்பவனுக்கு என்ன உரிமை உண்டு என்று இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவ அன்பருட் சிலர், சிறப்பாக விஞ்ஞானப் பிரிவிற் பயின்றோர், கேட்டல் கூடும். கேள்வி நியாயமானதே. மீனின் செதிளையும் இறாலின் ஓட்டையும் பற்றி விலங்கியலாசிரியர் என்னினுஞ் செவ்விதின் எழுதுவர். ஆனால், இவ்விரு பிராணிகளுக்கும் இடையே நிகழ்வது ஒருவகைப் பேச்சு. ஒன்று குறி காட்ட, மற்றொன்று அதன் பொருளை உணர்கின்றது; உணரத் தவறின் உயிர் போகின்றது. குறிக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பை மாணாக்கருக்கு விளக்கியே காலங்கழிப்பவனுக்கு இதனைப் பற்றிப் பேசச் சிறிது இடந்தருதல் தகும்.

முதலில் மீனை அறிமுகஞ் செய்வோம். நம் கடனீரேரிகளின் சேற்றிலும் கழிமுகங்களிலும் உளுவை என வழங்கும் சிறு மீன்களைப் பலரும் அறிவர். (இதனை ழகரமிட்டு உழுவை என எழுதினால் இலக்கியத்திற் புலியாகிவிடும். விடைத்தாள்களில் இம்மாற்றம் நிகழக் கண்டு சிரித்ததுண்டு.) கடல் மீன் குடும்பங்களுள் மிகப் பல இனங்களைக் கொண்டவற்றுள் உளுவைக் குடும்பமும் ஒன்று. அதன்கண் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள், செங்கடல் தொடங்கி இந்து சமுத்திரத்திலும் மேற்குப் பசுபிக்குச் சமுத்திரத்திலும், முருகைக்கற்பார்களை அடுத்த மணற்றரைகளில் இறால்களோடு கூடி வாழ்வன. இலங்கையைச் சூழ்ந்த கடலும் இவ்வெல்லையுள் அடங்கும். இவை பெரும்பாலும் 10 சென்ரிமீற்றரை அண்டிய நீளமுடையவை. செங்கடலில் நன்கு ஆராயப்பட்ட இனமொன்று, வெண்மையான உடலிற் செம்பழுப்பு நிறப் பட்டைகள் குறுக்கே ஓடப் பெற்றது. தலையின் மேற்புறத்தில், ஏறத்தாழ நெற்றியில் எனச் சொல்லத்தக்க இடத்தில், இரு கண்களும் புடைத்து நிற்கும். மணலிற் படிந்து கிடந்தவாறே மேலேயுஞ் சுற்றிலும் நோக்குதற்கு இதனினும் ஏற்ற அமைப்பு வேறில்லை.

ஆயினும் இம்மீனுக்கு ஒரு பெருங்குறை உண்டு. முருகைக்கல்லின் பொந்துகளில் ஒளிக்கும் மீன்களைப் போலன்றி இது வாழ்வது வெட்டவெளி மணலில். பல்லி போன்ற தலையுடைய மீன்களும், பாறைகளின் அருகே பதுங்கியிருக்கும் கலவாய் மீன்களும் அதனைப் பிடிக்கக் காத்திருக்கும்போது, ஓடி ஒளிக்க ஒரு கல்லும் இல்லை. ஆழமான வளையொன்றைத் தோண்டி, அதன் கூரை சரியாதபடி காக்கும் ஆற்றலும் இதற்கு இல்லை. மணலில் வளை தோண்டுதல் எளிது போலத் தோன்றும். கடற்கரையிற் பிள்ளைகள் தோண்டும் குழி எவ்வளவு நேரம் நிற்கின்றது என்பதை எண்ணுவோர் அவ்வாறு கருதமாட்டார்.

இனி, இறால். அது அல்பியசு என்னுஞ் சாதியைச் சேர்ந்தது. நாம் சந்தையில் வாங்கும் இறாலோடு ஒப்பிட்டால் இது சிறியது; கொடுக்குகளோ உடம்பிற்கு ஏலாத பருமனுடையவை. முன்னிரு கொடுக்குகளில் ஒன்று மற்றதினும் மிகப் பெருத்திருக்கும். இச்சாதியைச் சேர்ந்த இறால்கள் பல அப்பெருங்கொடுக்கைச் சடுதியாக மூடி வெடியோசை எழுப்புவதால் ஆங்கிலேயர் அவற்றைத் துப்பாக்கி இறால் என்பர். இவ்வோசையைப் பற்றி ஒரு சிறிது கூறாமற் செல்ல மனம் வரவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், நீர்மூழ்கிக் கப்பல்களின் ஒலியைக் கடலினடியிற் செவிமடுக்க முயன்ற அமெரிக்கர், எண்ணெயிற் கடுகு வெடிப்பதை ஒத்த இடையறாத இரைச்சலைக் கேட்டுத் திகைத்தனர். ஆராய்ந்து பார்த்தபோது அது இவ்விறால்களின் ஆரவாரமாய் முடிந்தது. கொடுக்கின் இரு பாகங்களும் ஒன்றோடொன்று மோதுவதாலேயே ஓசை எழுகின்றது என நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 2000ஆம் ஆண்டில் ஒல்லாந்தையும் ஜேர்மனியையுஞ் சேர்ந்த ஆய்வாளர் அது தவறெனக் காட்டினர். கொடுக்கு மூடும் வேகத்தில் நீர் செக்கனுக்கு 25 மீற்றர் அளவிற் பீறிட்டுச் செல்ல, அதன்பின் ஒரு குமிழ் தோன்றி உடைகின்றது. அக்குமிழ் உடைவதே வெடியோசை. உடையுங் கணத்தில் அதனுள்ளே நுண்ணிய ஒளி பிறக்கின்றது என்றும், வெப்பநிலை கெல்வின் அளவில் 5000 பாகையேனும் ஆகின்றது என்றும் மறு ஆண்டில் வெளியிட்டனர். ஒரு விரலளவு பிராணியின் கையில் இத்துணைப் படைக்கலம்!

நம் கட்டுரைக்குரிய இறால்களோ கொடுக்குகளைப் பெரும்பாலும் மண்வெட்டியாகவே கொண்டுள்ளன. இரு கொடுக்குகளையும் முன்னே சேர்த்துப் பிடித்து, மணலைக் குவித்து, வளையினுள்ளிருந்து வாயிலுக்கு வெளியே தள்ளிக்கொண்டு வரும் காட்சி, வீதி திருத்தும் புல்டோசர் இயந்திரத்தை அப்படியே ஒத்தது. வெளியே கொட்டியபின் திரும்பி உள்ளே செல்லும். சற்றுநேரத்தில் மறுபடியுஞ் சுமையோடு வரும். பகல் முழுதும் இதுவே தொழில். முருகைக்கற் றுண்டுகளையும் சிப்பி ஓடுகளையும் பொறுக்கி வந்து வாயிலிலும் கூரையிலும் பதித்து முட்டுக்கொடுக்கும். எத்துணை முட்டுக்கொடுத்தும் மணல் சரிந்துகொண்டே இருத்தலின் வேலை முடிவதில்லை.

வளையின் உள்ளமைப்பைக் கண்ணாற் காண்பது எளிதன்று. 1970களிற் செங்கடலின் வடகோடியில் ஆராய்ந்தோர் ஓர் உபாயஞ் செய்தனர். இறுகும் இயல்புடைய திரவப் பிசினை வளையினுள் ஊற்றி, அது கெட்டியானபின் மணலை அகற்றி எடுத்தனர். வார்ப்பில் உருவெடுத்து வந்தது ஒரு வெறுங்குழியன்று. கிளைகளும், ஆங்காங்கே அகன்ற அறைகளும் உடைய மாளிகை எனலாம். சில வளைகள் ஒரு மீற்றருக்கு மேலும் நீண்டிருந்தன. சில சென்ரிமீற்றர் நீளமுள்ள பிராணிக்கு இது எத்தகைய அரண்மனை என்பதை வாசகரே கணித்துக்கொள்க. அவ்வரண்மனையில் வழக்கமாக ஆணும் பெண்ணுமாக இரண்டு இறால்களும், அவற்றோடு ஒன்றோ இரண்டோ உளுவைகளும் வாழ்கின்றன.

இத்துணைத் தொழிற்றிறம் உடைய இறாலுக்கும் ஒரு குறை உண்டு என்பதை வாசகர் இதற்குள் ஊகித்திருப்பர். அதன் கண்களின்மேல் ஓட்டின் முன்விளிம்பு ஒரு மூடிபோல நீண்டு கவிந்திருக்கும். மங்கிய பார்வையே அதற்கு வாய்த்துள்ளது. தொலைவிற் பகை வருதலை அது அறியமாட்டாது. வளைக்குள் இருக்கும்வரை கவலையில்லை. ஆனால், மணலைக் கொட்ட வெளியே வந்தேயாகவேண்டும், உணவிற்காகவும் வரவேண்டும். வெளியே வருந்தோறும் அது தன் உயிரைப் பணயம் வைக்கின்றது.

ஆகவே, மீனிடம் பார்வை உண்டு, வீடு இல்லை. இறாலிடம் வீடு உண்டு, பார்வை இல்லை. இதனைக் கேட்டவுடன் குருடன் தோளில் முடவன் ஏறி வழிகாட்டிச் சென்ற பழைய கதை நினைவுக்கு வருதல் இயல்பு. சாங்கிய நூலோரும் புருடனும் பிரகிருதியுங் கூடுதலை விளக்க இவ்வுவமையை எடுத்தாண்டனர். உவமை அழகியதே, ஆயினும் இங்கே முழுதும் பொருந்தாது. குருடனும் முடவனும் இருவரும் மனிதர். ஒருவர் மொழியை மற்றவர் பிறந்தநாள் தொட்டு அறிவர். "வலப்பக்கந் திரும்பு" என்றால் வேறு விளக்கம் வேண்டியதில்லை. மீனோ முதுகெலும்புடையது, இறால் அஃதில்லாதது. இவ்விரண்டின் மூதாதையரும் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னரே வேறுவேறு வழியிற் பிரிந்துபோயினர். பார்வை மங்கிய ஒன்றிற்குக் கண்ணாற் காட்டும் சைகையாற் பயனில்லை. அங்ஙனமாயின், பகை வருகின்றது என்பதை மீன் எவ்வாறு சொல்லும்?

இவ்வினாவிற்கு விடை காணுங் காலம் மனிதன் நீருக்கடியில் மூச்சுவிடக் கற்றுக்கொண்ட பின்னரே வந்தது. 1943இற் பிரான்சு தேசத்தில் கூஸ்தோவும் கஞ்ஞானும் காற்றுக் கலத்தைத் தோளிற் சுமந்து மூழ்குங் கருவியை அமைத்தபின், கடலடி மணலின்மேல் நெடுநேரம் அசையாது கிடந்து உற்றுநோக்குதல் கைகூடிற்று. ஜேர்மானியராகிய லூத்தர் என்பவர் 1958இற் செங்கடலில் இம்மீனும் இறாலுங் கூடி வாழ்தலை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். 1967இல் மக்னசு என்பவரும் அக்கடலிலேயே இதனை ஆராய்ந்தார். 1970கள் தொட்டு இசுரேல் நாட்டவராகிய காப்பிளசு என்பவர் அக்காபா வளைகுடாவிற் பல ஆண்டுகள் இதற்கெனவே உழைத்தார். இத்துறையில் நாம் இன்று அறிந்தவற்றுட் பெரும்பகுதி அவர் வழிவந்தது. அவாய்த் தீவுகளில் வாழும் வேறோர் இணையைப் பற்றிப் பிறெஸ்ரன் என்னும் அம்மையார் 1978இல் எழுதிய கட்டுரையும் குறிப்பிடத்தக்கது.

அவர்கள் கண்டது இது. மீன் வளைவாயிலிற் படிந்து, தலை வெளிப்புறமும் வால் வாயிற்பக்கமுமாக இருந்து காவல் காக்கும். இறால் வெளியே வரும்போது முதலிற் கொடுக்கை நீட்டாது; நீண்டு மெல்லிய தன் உணர்கொம்புகளுள் ஒன்றை நீட்டி மீனின் உடலை, பெரும்பாலும் வாலை, தொடும். மீன் அங்கே இருக்கின்றது என அறிந்தபின்னரே வெளிப்படும். மணலைக் கொட்டினாலும், இரை தேடினாலும், வாயிலைத் திருத்தினாலும் உணர்கொம்பு மீனை விட்டு நீங்காது. இருட்டில் நடக்கும் பிள்ளை தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்திருத்தல் போலும் எனலாம். மீன் சிறிது முன்னே நகர்ந்தால், இறாலும் உணர்கொம்பு எட்டும் அளவிற்கே நகரும்.

பகைமீன் ஒன்று தென்பட்டால், உளுவை தன் வாலைச் சட்டென விரைவாகத் துடிக்கும். அத்துடிப்பு உணர்கொம்பின் வழியே இறாலைச் சென்றடையும். இறால் அக்கணமே சுமையைப் போட்டுவிட்டு வளைக்குட் பின்வாங்கும். பகை மேலும் நெருங்கினால் மீன் வாலைத் துடித்துக்கொண்டிராது. தலைகீழாக வளையினுட் பாயும். அப்பாய்ச்சலே இறுதி எச்சரிக்கை. அதன்பின் இறால் உடனே வெளியே வராது. மீன் மீண்டும் வாயிலுக்கு வந்து அமர்ந்தபின், அதனைத் தொட்டறிந்தே வரும். வாலின் மெதுவான அசைவு ஒன்றை இறால் வெளிவருதற்குரிய அழைப்பாக உணர்கின்றது எனவும் கூறுவர். காப்பிளசும் அவரோடு ஆராய்ந்தோரும் பகைமீன்களின் போலியுருவங்களைச் செய்து வளையை நோக்கி நகர்த்தி, மீன் காட்டும் குறிகளையும் இறாலின் செயலையும் முறையாக எண்ணிக் குறித்தனர். தற்செயலான வாலசைவு என்னும் ஐயம் இதனால் நீங்கிற்று.

இலக்கணம் கற்றோர் இங்கே சற்று நிற்கவேண்டும். தமிழிலக்கணத்தார் எழுத்து, சொல், பொருள் என வரிசைப்படுத்தினர். இம்மீனின் மொழியில் எழுத்தும் இல்லை, சொல்லும் இல்லை; பொருள் மாத்திரம் உண்டு. அதிலும் வாலின் துடிப்பும் தலைகீழ்ப் பாய்ச்சலும் ஒரே பொருளை இருவேறு அளவில் உணர்த்துகின்றன. முன்னது "பின்வாங்கு" என்பது. பின்னது "இனித் தாமதியாதே" என்பது. தொடுதலின்றி இம்மொழி நடவாது. நாம் ஓசையைச் செவியாற் கொள்கின்றோம். எழுத்தைக் கண்ணாற் கொள்கின்றோம். மெய்யாற் கொள்ளும் மொழி நமக்கு அருகிய ஒன்று. பார்வையிழந்தோர் புடைத்த புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கும் முறை ஒன்றே எனக்கு உடனே நினைவுக்கு வருகின்றது.

இவ்வாராய்ச்சியில் என் மனத்தை மிகக் கவர்ந்த செய்தி வேறொன்று. இறாலின் உணர்கொம்பு தன்மேற் படாதவிடத்து மீன் வாலைத் துடிப்பது மிக அரிது. கேட்பார் இருக்கின்றார் என்று அறிந்தே அது பேசுகின்றது. தன் அச்சத்தினாலே தானாக எழும் நடுக்கம் அன்று அத்துடிப்பு. அதனை எழுப்புதற்கு மீன், ஓடி ஒளிக்கும் நேரத்திற் சிறிதைச் செலவிட்டு வெளியே நிற்கவேண்டியிருக்கின்றது. செலவில்லாத சொல் எளிது; இச்சொல்லுக்குச் செலவு உண்டு. கேட்பாரில்லாத இடத்திற் சொல்லை விரயஞ் செய்யாமை இச்சிறு மீனுக்கு வாய்த்திருப்பது, வகுப்பறையில் நாற்பது நிமிடம் தொடர்ந்து பேசுவோரைச் சிறிது நாணச் செய்கின்றது.

இனி, இதனை நட்பு எனலாமா? மாணாக்கர் இக்கேள்வியைத் தவறாது கேட்பர், பெரியோரும் கேட்பர். பஞ்சதந்திரக் கதைபோல் இதனை ஆக்கி, தருமம் ஒன்றை வாலிற் கட்டி விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மீன் இறாலை நேசிக்கின்றது என்பதற்குச் சான்றில்லை. நேசிக்கவில்லை என்பதற்கும் இல்லை. மீனை அகற்றிவிட்டால் இறால் வெளியே வருதலை மிகக் குறைத்துவிடுகின்றது அல்லது நிறுத்திவிடுகின்றது என்பதும், வளையை இழந்த மீன் வெட்டவெளியிற் பகைக்கு இரையாக எளிது என்பதுமே நாம் அறிந்தவை. இரண்டும் இலாபம் பெறுகின்றன. ஒன்று மற்றொன்றை உறிஞ்சவில்லை. விலங்கியலார் இதனை ஒன்றிய வாழ்வு என்பர். ஒட்டுண்ணியின் வாழ்விலிருந்து இது வேறுபடுமிடம் இதுவே. கொடுக்கல் வாங்கல் என்றால் இழிவு என எண்ணுவோர் சிலர் உளர். ஐம்பது கோடி ஆண்டு பிரிந்துபோன இருவர் ஒருவரை ஒருவர் ஏமாற்றாது நடத்தும் கொடுக்கல் வாங்கல் எவ்வாற்றானும் இழிவன்று.

உணவு பற்றியும் சில சொல்லவேண்டும். இறால் தோண்டித் தள்ளும் மணலோடு நுண்ணிய புழுக்களும் சிறு ஓட்டுப் பிராணிகளும் வெளிப்படுதலின், வாயிற்காவலுக்கு நிற்கும் மீனுக்கு இருந்த இடத்திலேயே இரை கிடைக்கின்றது. சில இனங்கள் வளைக்கு மேலே சற்று மிதந்து, நீரோட்டத்தில் வரும் நுண்ணுயிர்களைப் பிடித்துண்ணும். இறால் மணலிற் படிந்த மக்கிய பொருள்களையும் பாசியையும் உண்ணும். பகற்பொழுதின் பெரும்பகுதியை வளையினுட் கழிக்கும் இறாலுக்கு அவ்வுணவு எவ்வாறு போதும் என்பது வினாவாக இருந்தது. 2017இல் யப்பானிய ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரையொன்று இதற்கு விடை கூறிற்று. மீன் வளைக்குள்ளே விடும் மலத்தை இறால் உண்கின்றது. அது அதற்கு முக்கியமான உணவு. கேட்போர் சிலர் முகஞ்சுளிப்பர். தோட்டத்துக்கு எருவிட்டுப் பழகிய நம்மவர் சுளிக்கமாட்டார் என நம்புகின்றேன்.

மாலையில் இருள் சூழ்ந்தவுடன் மீன் வளைக்குள் ஒதுங்கும், இறாலும் வெளிவராது. இராப்பொழுதில் வாயில் மணலால் மூடுண்டு, அங்கே வளையொன்று இருந்த சுவடே தெரியாது போகும். விடிந்தபின் மணலைக் கிளப்பிக்கொண்டு மீனின் தலை தோன்றும். மறுபடியும் வாயில் திறக்க, முன்னாளிருந்த இடத்திற்குச் சற்று விலகியும் அது அமைவதுண்டு. இனப்பெருக்கமும் வளைக்குள்ளேயே நிகழ்கின்றது. மீன் முட்டையிடுவது அங்கே; இறால் தோல் கழற்றுவதும் அங்கே. தோல் கழற்றிய இறாலின் உடல் சில காலம் மென்மையாய் இருத்தலின், அந்நாட்களில் வளை அதற்கு இன்றியமையாதது.

முட்டையிலிருந்து வெளிப்படும் குஞ்சுகள் இரண்டும், மீன்குஞ்சும் இறாற்குஞ்சும், நீரோட்டத்தோடு திறந்த கடலுக்குச் சென்று சிலகாலம் மிதந்து திரிவன. பெற்றோரிடமிருந்து வளையையோ மொழியையோ அவை பெறுவதில்லை. பின்னர் மணலிற் படியும்போது ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடிக்கவேண்டும். எவ்வாறு கண்டுபிடிக்கின்றன? 1972இல் காப்பிளசும் துணைவரும் ஓர் இணையைத் தொட்டியில் வைத்துச் சோதித்தனர். மீன் இறாலைக் கண்ணாற் கண்டு நாடுகின்றது. இறாலோ மீனிடமிருந்து நீரிற் கரைந்து வரும் இரசாயனப் பொருளை உணர்ந்து, வாசனையால் நாடுவதுபோல, நாடுகின்றது. ஒவ்வொன்றும் தனக்கு வாய்த்த புலனாலேயே மற்றதைத் தேடுகின்றது. எல்லா உளுவையும் எல்லா இறாலோடுங் கூடுவதில்லை என்பதும் அறியத்தக்கது. சில இனங்கள் ஓரிரு வகை இறால்களோடு மாத்திரமே வாழும். சில அத்துணைத் தெரிவு பாராட்டுவதில்லை. கற்பிப்பார் ஒருவருமின்றி, முதன்முதற் சந்திக்கும் நாளிலேயே வாலின் துடிப்பும் உணர்கொம்பின் தொடுகையும் பெரும்பாலும் பொருந்திவிடுகின்றன. நம் பிள்ளைகள் தாய்மொழியைக் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் செல்கின்றன.

இவ்விறால்களுக்குப் பெயரிட்டு வகைப்படுத்திய வரலாற்றிலும் ஒரு சுவை உண்டு. அல்பியசுச் சாதியை ஆராய்ந்தோருள் முதன்மையானோர் அல்பேட்டு பானர், டோரா பானர் என்னும் தம்பதியர். ஆணும் பெண்ணுமாய் வளையில் உறையும் இறால்களை, ஆணும் பெண்ணுமாய் ஒரே மேசையிலிருந்து பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். இன்று மீன்தொட்டி வளர்ப்போர் பெரிதும் விரும்பும் செவ்வெள்ளை வரியிறால் ஒன்று அவர்கள் பெயரிட்டதே.

இக்கூட்டு வாழ்வு ஒருமுறை ஓரிடத்தில் தற்செயலாகத் தோன்றி எங்கும் பரவியதோ என்னும் ஐயத்திற்கு 2011இல் வெளியான மரபணு ஆராய்ச்சி விடை தந்தது. உளுவைக் குடும்பத்துள் இறாலோடு கூடும் பழக்கம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தனித்தனியே தோன்றியுள்ளது. நம் கடல்களோடு தொடர்பற்ற அத்திலாந்திக்குச் சமுத்திரத்தில், புளோரிடாவுக்கும் பகாமாத் தீவுகளுக்கும் அண்மையில், நெசு லோங்கசு என்னும் உளுவை அவ்விடத்து இறாலொன்றோடு வாழ்கின்றது. அங்கும் இறால் உணர்கொம்பால் மீனைத் தொடுகின்றது. அங்கும் மீன் வாலைத் துடித்து எச்சரிக்கின்றது. ஒருவரை ஒருவர் அறியாத இரு தேசத்தார், அச்சத்தைத் தெரிவிக்க ஒரே சொல்லை அமைத்துக்கொண்டமை போன்றது இது. மொழிநூலார் இத்தகைய ஒற்றுமையைக் கண்டால் உடனே உறவு கற்பிக்க முற்படுவர், இங்கு உறவில்லை. தேவை ஒன்றாயின் குறியும் ஒன்றாதல் கூடும் என்பதையே இது காட்டுகின்றது. சொல்லொற்றுமை கண்ட மாத்திரத்தே இனவொற்றுமை நிறுவிக் கட்டுரை எழுதும் அன்பர்கள் இதனைச் சற்று நினைவிற் கொள்வாராக.

இவை வாழும் மணல் பெரும்பாலும் முருகைக்கல் பொடிந்து ஆகிய மணலே. வளையின் கூரைக்கு முட்டாக நிற்பனவும் அக்கல்லின் துண்டுகளே. 1998இல் இந்து சமுத்திர நீர் அளவு கடந்து சூடேறியபோது இலங்கையின் முருகைக்கற்பார்கள் பல வெளிறி மடிந்தன. தென்மேற்குக் கரையிற் சுண்ணாம்புக்காக முருகைக்கல்லை அகழ்ந்தெடுத்தமையும் நெடுங்காலம் நடைபெற்றது. பாரின் அழிவைக் கூறுவோர் வண்ண மீன்களை எண்ணி வருந்துவர். அதன் காலடியிலுள்ள மணற்றரையையும், அங்கே குடியிருப்போரையும் எண்ணுவோர் சிலரே.

கடலுக்குள் இறங்க வாய்ப்பில்லாதோரும் இவ்விணையைக் காணலாம். மேல்நாடுகளிலும் கீழ்நாடுகளிலும் கண்ணாடித் தொட்டிகளில் இவற்றை வளர்ப்போர் பலர். இறால் கண்ணாடியை ஒட்டி வளை தோண்டுமாயின், கடலடியில் ஆராய்ச்சியாளர் பிசின் ஊற்றி அறிந்த உள்ளறைகளை வீட்டிலிருந்தே நேரிற் பார்க்கலாம். அத்தொட்டியிற் பகைமீன் ஒன்றும் இல்லை. உணவும் வேளை தவறாது மேலிருந்து வருகின்றது. ஆயினும் இறால் மணலைச் சுமந்து வாயிலுக்கு வரும்போது முன்போலவே உணர்கொம்பை நீட்டி மீனின் வாலைத் தொடுகின்றது. வளர்ப்பவர் கையை நீருள் விட்டால், வால் துடிக்கின்றது. இறால் உள்ளே போய்விடுகின்றது.